இடது கால் உறை

நூலைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. சோமனூரில் தறி ஓட்டிப் பிழைக்கிற எல்லோருக்கும் உள்ள வியாதிதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் சட்டை விளிம்பைக்கூட விரலால் உருட்டி, என்ன நூல் என்று பார்ப்போம். எனக்கு அது கொஞ்சம் முற்றியிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், சத்தியமங்கலத்தில் இருந்த என் அக்கா வீட்டுக்காரர் மரம் அறுக்கும் மிஷின் ரம்பம் ஒன்று வாங்கினார். தோட்டங்களில் மரம் வெட்டக் கான்ட்ராக்ட் எடுப்பவர் அவர். பெட்ரோலில் ஓடும் வெளிநாட்டு மிஷின். கூடவே, தொடையிலிருந்து கணுக்கால் வரை முன்பக்கம் கட்டிக்கொள்ளும் உறை ஒரு ஜோடி வந்தது. மேலே முரட்டுத் துணி, உள்ளே மெத்தைபோலத் தடிப்பு. அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கால் உறையைப் பிரித்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று நீள நீளமான இழைகள். முறுக்கே இல்லை, இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. ஒன்றைத் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தி என்றால் சாம்பலாகும், பாலியஸ்டர் என்றால் உருகி மணியாகும். இது கருகியதோடு சரி. ஆசை விடவில்லை, மொத்தத்தையும் உருவிப் பையில் வைத்துக்கொண்டேன். தடிப்புக் குறையாமல் இருக்க, மிஷின் துடைக்கிற, எண்ணெய் படிந்த பனியன் வேஸ்ட் துணுக்குகளை உள்ளே அடைத்து, யாருக்கும் தெரியாதபடி தைத்தும் வைத்தேன். காலைக் காப்பது மேல்துணி, உள்ளே இருப்பது வெறும் திணிப்பு என்று நினைத்தேன். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அக்கா வீட்டுக்காரரிடம் கூலிக்கு மிஷின் ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உறை புழுக்கமாக இருக்கிறது, வேண்டாம் என்றார். நான்தான் விடவில்லை.

"கட்டிக்குங்ணா. வெளிநாட்டுச் சரக்கு, ஒண்ணும் ஆவாது."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று கட்டிக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு விட்டு, வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். சாய்த்துப் போட்ட புளியமரத்தில் அவர் கிளை கழித்துக்கொண்டிருந்தார். ரம்பத்தின் நுனி, மறைவில் இருந்த இன்னொரு கிளையில் இடித்தது. மிஷின் துள்ளி அவருடைய இடது தொடையில் இறங்கியது. கிழிந்த உறையிலிருந்து மஞ்சளும் நீலமுமாகப் பனியன் துணுக்குகள் பிதுங்கின. நான் அடைத்தவை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் சிவப்பாகின.

யாரோ காப்பித்தூள் எடுத்துவர ஓடினார்கள். "தூளெல்லாம் போடாதீங்க" என்று கத்தி, துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன். ஆஸ்பத்திரி வரும்வரை வேனில் கையை எடுக்கவே இல்லை. அங்கே நர்ஸம்மா காயத்தைக் கழுவி, இடுக்கியால் ஒவ்வொரு துணுக்காக எடுத்துத் தட்டில் போட்டார்.

"காயத்துக்குள்ள வேஸ்ட் துணியத் திணிச்சது யாருங்க? இப்புடிச் செய்யலாமுங்களா?"

ரத்தத்தை நிறுத்த நாங்கள் அடைத்தோம் என்று நினைத்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

எண்ணெய்த் துணுக்கு ஏதோ உள்ளே தங்கிவிட்டது போல. சீழ் பிடித்தது. போட்ட தையலைப் பிரித்து, காயத்தைத் திறந்தே வைத்து, தினமும் கழுவிக் கட்டினார்கள். காயத்துக்குள் வைத்த கட்டுத் துணியை எடுக்கும்போதெல்லாம் அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அந்த நாட்களில்தான், கோயமுத்தூரில் மிஷின் விற்கும் கடையில் ஒருவர் எனக்கு விளக்கினார். ரம்பத்தின் சங்கிலி பட்டதும் அந்த வெள்ளை இழைகள் வெளியே வந்து, சங்கிலியை ஓட்டும் சக்கரத்தில் சுற்றி, மிஷினை நிறுத்திவிடுமாம். காலைக் காப்பதே அவைதானாம்.

இன்றும் தெருவில் ஒரு மொபெட் அந்த ரம்பம்போல இரைந்து ஸ்டார்ட் ஆனால் என் உள்ளங்கை ஈரமாகிவிட்டதுபோல் இருக்கும். வேட்டியில் துடைத்துக்கொள்வேன். கை காய்ந்துதான் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து, புது உறை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கொடுத்துவிட்டு எதுவும் சொல்லாமல் திரும்பிவிடுவது என் திட்டம். காலை இழுத்து இழுத்து நடந்துவந்து பாய் விரித்தார். அடுத்த வாரம் வேலைக்குப் போகிறாராம். பழைய உறை கொடியில் தொங்கியது. அவர் மனைவி அதைத் துவைத்து, பிதுங்கிய துணுக்குகளை உள்ளே தள்ளி, கிழிசலைத் தைத்து வைத்திருந்தார்.

"புதுசெல்லாம் எதுக்குங்க? இது இல்லீன்னா என்ற காலே போயிருக்குமுங்க. எல்லாம் உங்க புண்ணியம். இதக் கட்டீட்டுப் போனா எனக்கென்ன பயமுங்க?"

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இழையை உருவியது, வேஸ்ட்டை அடைத்தது, நர்ஸம்மாவிடம் வாயை மூடிக்கொண்டது என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொடியில் தொங்கிய உறையைக் காட்டி மனைவிக்குச் சைகை செய்தார். அந்த அம்மா பிளேடு எடுத்துவந்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்தார். துவைத்தும் போகாத கறையோடு துணுக்குகள் பாயில் குவிந்தன. பிறகு அவர் கணவர், நான் கொண்டுபோன ஜோடியைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார்.

"இதயாச்சும் வாங்குனபடி கொண்டாந்திருக்கறீங்களா?"

"கை வெக்கலீங்ணா. அப்புடியே இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. உறையை மனைவியிடம் நீட்டினார்.

"இதையும் பிரிச்சுப் பாரு, அம்மணி."