குருசடியில் வெட்டிய ஆண்டு

எங்கள் ஒழுங்கையின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தபோது, முதலில் கதவுகள்தான் அடைபட்டன. வாவிக்கரைச் சந்தில் தச்சர், கொல்லர், தையற்காரர் என்று பிழைத்த கத்தோலிக்கச் சனம் நாங்கள். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் பாதி, தமிழர் பாதி. ஒருவரிடமும் காணி உறுதிப் பத்திரம் கிடையாது. கரையோரம் வீதி வருகிறது என்று பக்கத்து ஒழுங்கையை அந்த வருடம்தான் இடித்திருந்தார்கள். அங்கும் முதலில் ஒருவர் வந்து, எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டுவிட்டுப் போனார்.

"நாளைக்கு வாறன்" என்று இவரும் சொல்லிப் போனார்.

"பழைய ஆக்கள் எண்டு தெரிஞ்சா கை வைக்கமாட்டானுகள்," என்றார் மாமா. இரும்படிக்கிறவர். உளியோடு போய், ஒழுங்கை முகப்பில் நின்ற குருசின் அடியில், பறங்கியர் கப்பலில் வந்திறங்கிய காலத்து ஆண்டு ஒன்றை வெட்டினார். மெழுகுதிரிக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து இலக்கங்களில் பூசுவது என் வேலை. கடைசி இலக்கத்துக்கு வருமுன் கரி தீர்ந்துவிட்டது.

பிழை அதுவல்ல. பழைய மரக் குருசைச் சூறாவளி கொண்டுபோனபின், மாமாவே கம்பி கட்டிக் கொங்கிறீட்டில் ஊற்றிய குருசு அது. அடி மூலையில் துருப்பிடித்த கம்பி எட்டிப் பார்த்தது. தினமும் பார்த்துப் பழகியதால் அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் வந்தவர் கண்ணில் உடனே பட்டது. "அந்தக் காலத்திலயே கொங்கிறீட் இருந்திருக்கு போல."

"எங்கட மூத்தாக்கள் கொண்டு வராத சாமானா, சேர்?" என்றார் மாமா.

என்னைக் காவலுக்கு விட்டு அவர் பட்டறைக்குப் போனதும், வந்தவர் குனிந்தார். கடைசி இலக்கத்துக்குள் கிடந்த வெள்ளைத் தூளைக் கைலேஞ்சியால் துடைத்து, ஈர மண்ணைத் தேய்த்தார். குருசடியில் இருந்த பூச்சாடியை நகர்த்தி, கம்பி தெரிந்த மூலைக்கு முன்னால் வைத்தார். அதன்பிறகே படம் எடுத்தார்.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"தடயத்தை அழிக்கிறான் பாத்தியா? அவனுகள்ற ஆள்தான் இவன்," என்றார் மாமா. வந்தவருக்கென்று ஊற்றி வைத்திருந்த பிளேன்ரீயை அம்மா திரும்ப உள்ளே கொண்டுபோனார். அந்த மனிதர் பஸ் ஏறும்வரை ஒழுங்கையே வாசல்களில் நின்று முறைத்தது.

வீதி வந்தது. எங்கள் குருசடிக்கு முன்னால் வளைந்து, வாவிப் பக்கமாகப் போனது. மாமா அதைத் தன் உளியின் வேலை என்றார். அந்த மனிதரைத் திட்டுவதை மட்டும் சாகும்வரை நிறுத்தவில்லை.

வேலை தேடிப் போன ஊர்களில் எனக்கும் பல கதவுகள் அடைபட்டிருக்கின்றன. எப்போதாவது ஊருக்கு வரும்போது, அந்த வளைவில் பஸ் திரும்பும். இடிக்க வந்தவன் பூச்சாடியை ஏன் நகர்த்த வேண்டும் என்று, அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.