இருபத்து நான்கு மணல் மூட்டைகள்

எழுபதுகளின் நடுவில், சிட்னியில், ஒரு ஆகஸ்ட் மாத வியாழக்கிழமை நடந்தது இது. அங்கே ஆகஸ்ட் என்றால் குளிர்காலத்தின் கடைசி. நாங்கள் சென்னையிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சின்ன ஃப்ளாட்டில் நானும் மனைவியும். அவள் ஐந்து மாத கர்ப்பம். லிஃப்ட், கிரேன், ராட்டினம் என்று ஏறி இறங்குகிற எல்லாவற்றையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் எனக்கு வேலை. அதிலும் புரொபேஷன். இன்னும் மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் நிரந்தரமாகிவிடும். வாயை மூடிக்கொண்டு என்று சும்மா சொல்லவில்லை. என் மேலதிகாரி முதல் நாளே, "இங்கே எல்லோரும் பல வருஷப் பழக்கம், பார்த்து நடந்துகொள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அன்றைக்கு என்னை அனுப்பியது கடலோரத்தில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு. இப்போது அது கிடையாது. இடித்துவிட்டு வீடு கட்டிவிட்டார்கள். சனிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்குகிறது, அன்றே பூங்காவைத் திறக்க வேண்டும். அதற்குள் அங்கிருந்த மர ரோலர் கோஸ்டரை ஓட்டிப் பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என்னோடு வந்தவர் எங்கள் அலுவலகத்து மெக்கானிக். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் 'அண்ணே' என்பேன், அவர் 'தம்பி' என்பார். நாங்கள் போனபோது தூறல். பூங்காவில் ஒரு ஈ காக்கை இல்லை. குதிரை ராட்டினத்துக்குத் துணி போட்டுப் போர்த்தியிருந்தார்கள். சிரிக்கிற கோமாளி முகம் ஒன்று, இரண்டு ஆள் உயரம், வாயிலிருந்து மழைநீர் ஒழுக நின்றுகொண்டிருந்தது. எனக்கு அந்த இடம் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை.

சோதனை ஓட்டத்தில் ஆட்களை ஏற்றமாட்டார்கள். ஆளுக்குப் பதில் ஆள் எடையுள்ள மணல் மூட்டை. வரிசைக்கு இரண்டாகப் பன்னிரண்டு வரிசை, மொத்தம் இருபத்து நான்கு. ஒவ்வொரு வரிசைக்கும் மடிமேல் வந்து விழுந்து பிடித்துக்கொள்ளும் ஓர் இரும்புக் கம்பி. மணல் நனைந்தால் எடை கூடிவிடும் என்று, பூங்கா கடையில் விற்கிற மஞ்சள் மழைக்கோட்டை ஒவ்வொரு மூட்டைக்கும் மாட்டி, தலைமுக்காட்டையும் இழுத்து விட்டிருந்தார்கள். வேலைக்காரர்கள் செய்தது சரியான வேலைதான். ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் முகமில்லாத இருபத்து நான்கு பேர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டியை நிறுத்தாமல் இருபது சுற்று ஓட்ட வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கிப் பார்க்க வேண்டும். அண்ணன் மோட்டார் அறைக்குள் போய்ச் சூட்டையும் சத்தத்தையும் கவனிக்க, நான் வெளியே நின்று பார்ப்பதாக ஏற்பாடு. அப்போதுதான் பூங்கா மேனேஜர் குடையோடு வந்தார். உறுப்பினர்களுக்கு மட்டுமான சாப்பாட்டு அறை ஒன்று இங்கே இருக்கிறது, மழையில் ஏன் நிற்கிறீர்கள், அங்கிருந்து தண்டவாளம் இன்னும் நன்றாகத் தெரியும், வாருங்கள் என்றார். ஆனால் விருந்தாளி ஒருவருக்குத்தான் அனுமதி. நான் தயங்கினேன்.

"நீர் போட்டு வாரும் தம்பி. எனக்கு மனிசி பாண் கட்டித் தந்தவ" என்றார் அண்ணன். மனைவி கட்டிக்கொடுத்த ரொட்டி அவருக்கு இருந்தது.

அந்த அறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கோமாளிகளும் பூதங்களும் வரைந்த ஒரு நீளச் சுவர். அதில் ஒரு பூதத்தின் வயிற்றில் சாவியைப் போட்டுத் திருப்பினார் மேனேஜர். வயிறு திறந்தது. உள்ளே சிவப்புக் கம்பளம் போட்ட படிக்கட்டு. மேலே ஒரு தடித்த நோட்டில் என் பெயரை எழுதச் சொன்னார். எழுதும்போது பக்கத்தைப் பார்த்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, இதே ஆகஸ்ட் மாதத்தில், எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவரின் கையெழுத்து. ஆபீஸ் ஃபைல்களில் தினமும் பார்க்கிற கையெழுத்து என்பதால் உடனே தெரிந்துவிட்டது.

நீளமான மேசை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர், எல்லோரும் வயதானவர்கள். பூங்காவைத் தொடங்கியவர்களின் குடும்பத்தாரும் பங்குதாரர்களும் என்று மேனேஜர் காதில் சொன்னார். வியாழக்கிழமைதோறும் மதியம் இங்கே கூடிச் சாப்பிடுவது அவர்களுடைய பல வருஷப் பழக்கமாம். எல்லோரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி தலையை அசைத்தார்கள். ஜன்னலை ஒட்டி, ஒரு கிழவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம். வெள்ளிக் கரண்டிகள், மெழுகுவர்த்தி, தணிந்த பேச்சு. வெளியே ஒரு பாழடைந்த திருவிழா, உள்ளே இப்படி ஒரு விருந்து.

ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் தண்டவாளம். ரோலர் கோஸ்டர் வண்டியைச் சங்கிலி பிடித்து மேட்டுக்கு இழுக்கிற இடம் அது. டக், டக், டக் என்று மெதுவாக ஏறும். முதல் தடவை அந்த மஞ்சள் முக்காடுகள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பது போல ஒவ்வொன்றாகக் கடந்து போனபோது நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் நடுங்கின. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வண்டி மேலே போய், உச்சியிலிருந்து ஓவென்று இறங்கியது. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். ஒருவர்கூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை இதே கதை.

சூப் வந்தது. நான் தொடவில்லை. எங்கள் பக்கம், சம்பந்தம் பேசப் போனாலும் சரி, நிலம் பேசப் போனாலும் சரி, காரியம் முடிவாகாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இவர்களுக்கு அதெல்லாம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கையெழுத்துப் போடாமல் கரண்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? இன்று விரதம் என்று சொல்லிவிட்டேன். சாமி பெயரில் ஒரு பொய்.

 பிறகு மீன் வந்தது, அப்படியே போயிற்று. ஆட்டிறைச்சி வந்தது, அதுவும் அப்படியே போயிற்று. பரிமாறுகிறவர் ஒவ்வொரு தட்டையும் எடுக்கும்போது மேனேஜரின் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தார். பக்கத்திலிருந்த கிழவர் என் பக்கம் சாய்ந்து, போன வருஷம் வந்தவர் எல்லாவற்றையும் ரசித்துச் சாப்பிட்டார் என்றார். குறையாகவும் சொல்லவில்லை, புகழ்ச்சியாகவும் சொல்லவில்லை. 

சாப்பிடாத மனிதனுக்குப் பந்தியில் என்ன வேலை? நான் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தேன். வண்டி ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இருபத்து நான்கு. ஒன்பது சுற்று, பத்துச் சுற்று, எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கடைசியாகக் கஸ்டர்ட் வந்தது. மேலே பீச் பழத் துண்டுகள். விரதக்காரருக்கு இது ஆகும் அல்லவா என்று மேனேஜர் சிரித்தார். காலையில் ஒரு காபி குடித்தது. குளிர் வேறு. வண்டியில் ஒரு குறையும் இல்லை, எப்படியும் கையெழுத்துப் போடத்தான் போகிறோம், சும்மா என்ன வீம்பு என்று நினைத்தேன். கரண்டியை எடுத்துவிட்டேன். அப்போது மறுபடியும் டக், டக், டக்.

பழக்க தோஷத்தில் எண்ணினேன். இருபத்து மூன்று.

கடைசி வரிசையில் ஒரே ஒரு மஞ்சள் கோட்டு இருந்தது. பக்கத்து இடம் காலி. கம்பி மட்டும், யாரையோ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது போல, இறங்கின நிலையிலேயே இருந்தது.

டம்ளர்கள் நடுங்கின, பேச்சு நின்றது, வண்டி மேலே போனது, பேச்சு தொடர்ந்தது. நான் மேசையைச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் கஸ்டர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தப்பாக எண்ணியிருப்போமோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எழுந்து கூச்சல் போட்டு, பிறகு மூட்டை அங்கேயே இருந்தால்? இத்தனை பெரிய மனிதர்கள் முன்னால் மானம் போகும். மேலதிகாரிக்கு போன் போகும். மூன்று வாரம்தான் பாக்கி. வீட்டில் ஐந்து மாத கர்ப்பிணி. அடுத்த சுற்று வரட்டும், உறுதி செய்துகொண்டு எழுந்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். இன்ஜினியர்கள் எதையும் இரண்டு தடவை பார்த்துத்தானே சொல்வார்கள் என்று அதற்கு ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். கையில் கரண்டி அப்படியே இருந்தது. அந்த இரண்டு நிமிஷம் போல நீண்ட இரண்டு நிமிஷம் என் ஆயுளில் கிடையாது.

டக், டக், டக்.

இருபத்து இரண்டு. கடைசி வரிசை முழுக்கக் காலி.

நாற்காலி விழுகிற மாதிரி எழுந்தேன். பக்கத்துக் கிழவர் என் கோட்டுக் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. "நீங்களும் பார்த்துவிட்டீர்களா?" என்று கேட்டார். மிகவும் மெதுவாக, சினேகமாகக் கேட்டார். 

கையை உதறிவிட்டுப் படியில் இறங்கி ஓடினேன். மோட்டார் அறைக் கதவைத் தட்டி, "அண்ணே, நிறுத்துங்க! மூட்டை விழுந்துடுச்சு!" என்று கத்தினேன்.

"எங்க? எத்தின?" என்று கேட்டுக்கொண்டே அவர் சுவிட்சை இழுத்துவிட்டார்.

வண்டி நின்றதும் இரண்டு பேருமாகப் போய்ப் பார்த்தோம். கடைசி வரிசைக் கம்பியின் பூட்டுக்குள் இருந்த பல் தேய்ந்து வழுக்கியிருந்தது. நிற்கும்போது பிடிக்கும், உச்சியிலிருந்து விழும்போது ஒரு சாண் மேலே தூக்கிக்கொண்டு, மறுபடி இறங்கி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கும். பிளாட்பாரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்த ஆளிடம், வண்டி உன் முன்னால்தானே போனது, பார்க்கவில்லையா என்று கேட்டேன். பிரேக் கூண்டின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

முதல் மூட்டை புல்தரையில் கிடந்தது. கோட்டுகூடக் கிழியவில்லை. குப்புறப் படுத்துத் தூங்குகிற ஆள் மாதிரி இருந்தது. இரண்டாவதைத் தேடக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது ஒரு தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு உள்ளே விழுந்து வெடித்திருந்தது. உள்ளே பெஞ்சுகள், தரையெல்லாம் மணல். கதவில் ஒரு பலகை. தள்ளுவண்டிக் குழந்தைகளோடு வருகிற தாய்மார்கள், பெரிய பிள்ளைகள் விளையாடி முடிக்கும்வரை இங்கே உட்காரலாம் என்று எழுதியிருந்தது. அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

"முருகா! சனிக்கிழமையா இருந்திருந்தா என்ன நடந்திருக்கும் தம்பி" என்றார்.

சான்றிதழ் கொடுக்கவில்லை. மேனேஜர் பூதத்தின் வயிற்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பூங்கா அந்த விடுமுறைக்குத் திறக்கவே இல்லை. கம்பிகளையெல்லாம் மாற்றிய பிறகு அக்டோபரில்தான் திறந்தார்கள். நான் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கை கொடுத்தார். அந்த வாரமே நிரந்தரமாக்கினார்கள். பெரிய விருந்து வைத்து மயக்கப் பார்த்தும் ஒரு பருக்கை தொடாதவன் என்று ஆபீஸில் எனக்கு ஒரு பெயரே வந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நீங்க பார்த்ததும் எழுந்தீங்களே, அதுக்கே நம்ம குழந்தைக்குப் புண்ணியம்" என்றாள். பார்த்ததும் எழுந்ததாகத்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அண்ணனிடமும் அப்படித்தான், அறிக்கையிலும் அப்படித்தான்.

அந்தக் கிழவரை நான் பல வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே, மனிதனா என்று. நிதானமாக யோசித்தால், அவரும் என்னைப் போல் உறுதி செய்துகொள்ள இன்னொரு சுற்றுக்குக் காத்திருந்திருக்கலாம். 'நீங்களும்' என்று அவர் என்னையும் சேர்த்துக்கொண்டது தப்பில்லை. அதற்குப் பிறகு முப்பது வருஷம் அதே வேலை பார்த்தேன். சந்தேகம் என்று மனதில் பட்டால் முதலில் நிறுத்திவிட்டுத்தான் எண்ணியிருக்கிறேன், பல தடவை வசவும் வாங்கியிருக்கிறேன். புல்தரையில் கிடந்த முதல் மூட்டைக்கு யார் யாரோ பொறுப்பு. அந்தத் தாய்மார்கள் அறையில் விழுந்த இரண்டாவது மூட்டை, நான் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் விழுந்தது.