ரசாயனமும் சித்திரமும்

நாரணாபுரத்தில் என் வீடு தேடி உயர்நிலைப்பள்ளி சித்திர வாத்தியார் வந்தார். ஒல்லியான வெளியூர்க்காரர். பேசும்போதெல்லாம் கையிலிருந்த, பெற்றோர் கையெழுத்துக்கான தாளின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். ரசாயனத்தையும் சித்திரத்தையும் சேர்த்து, மத்தாப்பின் நிறங்களைப் பற்றி ஒரு விருப்பப் பாடம் தொடங்கியிருந்தார். ஒரு பையனும் சேரவில்லை. பாடம் போனால் அவர் வேலையும் போகும்.

"உங்க மகனைச் சேர்த்துவிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "பட்டாசுக் கம்பெனியில வெடிமருந்தோட நான் சாகுறது போதாதா? அவன் தப்பிக்கட்டும்னு பள்ளிக்கூடம் அனுப்புனா, அங்கனயும் மருந்துதானா சார்?"

"எது எதோட சேர்ந்தா வெடிக்கும்னு தெரிஞ்சா சாக வேண்டாமே."

நான் எழுந்து கதவைப் பிடித்தேன். "போயிட்டு வாங்க," என்றேன்.

தெருவில் எந்த அப்பனும் கையெழுத்துப் போடமாட்டான். அது தெரிந்தும் நான் சொல்லவில்லை. அவர் அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூப்பிடுவார்களா என்று நின்றுகொண்டிருந்தார்.