மிசின் மறைத்த கரைவலைப் படம்

சண்டை நடந்த காலம். கடலுக்குப் போன என் கணவர் திரும்பவில்லை. எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. தேடித் தருகிறோம் என்றவர்கள் அவருடைய படம் கேட்டார்கள். வீட்டிலிருந்த படங்கள் இடம்பெயர்ந்தபோதே போய்விட்டன. முன்பு அவரும் மற்றவர்களும் கரையில் நின்று கரைவலை இழுத்ததைப் படம் பிடித்த வெள்ளைக்காரர் ஒருவர், அதைப் போடும் இணையதளத்தின் பெயரை எழுதித் தந்திருந்தார். அந்தத் துண்டோடு துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்ரநெற் கடைக்கு ஓடினேன்.

கடையில் இருந்த பெண் தேடினாள். படம் தெரியவில்லை. கறுப்புக் கட்டம்தான் வந்தது.

"அக்கா, வயது வந்தவைக்கு மட்டும் எண்டு கிடக்கு."

பக்கத்துக் கதிரையில் இருந்தவன் சிரித்தான். "என்ன படம் பாக்க வந்தனீங்கள் அக்கா?"

எனக்கு உடம்பு கூசியது. எழுந்துவிட்டேன்.

"இருங்கோ அக்கா. இது ஆள் பாத்துப் போட்டதில்லை, மிசின் போட்டது. தோல் கனக்கத் தெரிஞ்சா அதுக்கு எல்லாம் கூடாத படம்தான்."

அவள் கட்டத்தை அமத்தினாள், படம் தெரிந்தது. சாரத்தை மடித்துக் கட்டி, வெறும் மேலோடு ஆண்கள் வலை இழுத்தார்கள். முன்னுக்கு நின்றவர் என் கணவர்; தோளில் இருந்த தழும்பும் தெரிந்தது. சிரித்தவன் தன் திரைப்பக்கம் திரும்பிவிட்டான்.

"முகத்தை மட்டும் வெட்டி எடுக்கட்டா அக்கா?"

"வேண்டாம் தங்கச்சி. கரை ஒதுங்கினா முகம் மிஞ்சாது. தோள் தழும்பாலதான் ஆளை அறியலாம்."

அவள் முழுப் படத்தையும் தாளில் எடுத்துத் தந்தாள்.

அவர் இன்னும் வரவில்லை. பார்க்கக் கூடாது என்று மிசின் மறைத்த அந்தத் தோளைத்தான், பாருங்கோ பாருங்கோ என்று எல்லோரிடமும் காட்டித் திரிகிறேன்.