பதினோரு குழந்தைகளும் ரைட்டக்காவும்

பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் அவள் ரைட்டக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக ஒரே தடத்தில் கண்டக்டர் வேலை. அவள் "ரைட்!" என்று ஒரு குரல் கொடுத்தால், டிரைவர் கியர் போடுவதற்குள் வண்டி தானாகவே நகர்ந்துவிடும் என்று டிப்போவில் கேலி பேசுவார்கள். அவள் கணவர் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவர் பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். "ஒரு வீட்டுக்கு ஒரு தொண்டை போதும்" என்பது அவர் கட்சி. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அந்த வருடம் மழை நான்கு நாள் விடாமல் கொட்டியது. ஐந்தாம் நாள் காலை ஆற்றங்கரை உடைந்து, தாழ்வான தெருக்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அன்றைக்குப் பதினேழாம் நம்பர் பஸ் டிக்கெட் இல்லாமல் ஓடியது. ரைட்டக்கா படியில் நின்றுகொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் தத்தளித்து வந்தவர்களைக் கை கொடுத்துத் தூக்கி ஏற்றினாள். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு மறுபடியும் போனாள். சைக்கிள் கடைக்காரர் மூன்றாவது நடையில், ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் காற்றடிக்கிற பம்பும் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பம்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறாவது நடைக்கு வழியில்லை. பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. பஸ் பள்ளி மைதானத்திலேயே நின்றுகொண்டது.

பள்ளிக்குள் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். வகுப்பறை, வராந்தா, மாடிப்படி எங்கே பார்த்தாலும் ஈரத் துணியும் பாத்திரமும் ஆளுமாகக் கிடந்தது. மதியம் ஒரு டிராக்டரில் சுகாதாரச் செவிலி வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு. ஒவ்வொரு அறையாகப் போய்க் குழந்தைகளைக் கணக்கெடுத்தாள். இரண்டு வயதுக்குக் கீழே பதினோரு குழந்தைகள். வராந்தாவுக்கு வந்து, "இங்க யாருக்குங்க நல்ல குரல் இருக்கு?" என்று கேட்டாள்.

வராந்தாவில் இருந்த அத்தனை கைகளும் ஒரே பக்கம் நீண்டன. சைக்கிள் கடைக்காரரின் கைதான் முதலில் நீண்டது.

"அக்கா, எனக்கு மூணு முகாம். இங்க ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வர முடியும். இந்தப் பதினோரு பேரையும் நீங்கதான் பாத்துக்கணும்."

"சிஸ்டர், எனக்கு ஆளை ஏத்த இறக்கத் தெரியும். குழந்தை வளர்க்கிறதுல நான் பாஸ் மார்க்குகூட வாங்கல."

"கூட்டத்துல யாரை முதல்ல உக்கார வைக்கணும்னு தெரியுமில்ல? அது போதும். மிச்சத்தை நான் சொல்றேன்."

செவிலி சொன்னதை ரைட்டக்கா ஒரு பழைய நோட்டில் எழுதிக்கொண்டாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பால் கொடுக்கிற தாய்மாருக்குத் தனி அறை, மறைப்பு, எல்லோருக்கும் முன்னால் சாப்பாடு, நிறையக் குடிதண்ணீர். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், வேறு தண்ணீர்கூட வேண்டாம். அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தாய்ப்பாலோடு சுடச்சுட மசித்த சோறும் பருப்பும், முடிந்தால் முட்டை. பால்புட்டி கூடவே கூடாது. இருக்கிற தண்ணீரை வைத்துக்கொண்டு அதைச் சரியாகக் கழுவ முடியாது.

அரைமணி நேரத்தில் ஒன்றாம் வகுப்பு அறை காலியானது. அங்கே சீட்டாடிக்கொண்டிருந்த ஆறு ஆண்களை அவள் வெளியேற்றிய விதத்தைப் பார்த்து, ஏழாவதாக உள்ளே வர இருந்தவர் வாசலோடு திரும்பிவிட்டார். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்தாள். சமையல் செய்கிறவர்களிடம் போய், "மிளகாய் போடறதுக்கு முன்னாடி என் பசங்களுக்கு ஒரு சட்டி எடுத்து வச்சிடணும்" என்று கறாராகச் சொன்னாள். ஒரே நாளில் பதினொன்றும் அவளுடைய பசங்களாகிவிட்டன.

அந்த அறையின் மூலையில் இருபது நாள் குழந்தையோடு ஒரு பெண் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தலைப்பிரசவம். கழுத்தளவுத் தண்ணீரில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள். குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. கூட இருந்த மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பயந்ததுல இவளுக்குப் பால் வத்திப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவிலி அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயம் வந்தா பால் இறங்கக் கொஞ்சம் தயங்கும், அவ்வளவுதான். வத்தாதும்மா. குழந்தை உறிஞ்ச உறிஞ்ச வரும். நெஞ்சோட ஒட்டிப் போட்டுக்க. கேக்கறப்பல்லாம் குடு." பிறகு ரைட்டக்காவைப் பார்த்து, "எத்தனை துணி நனையுதுன்னு பாருங்க. ஒரு நாளைக்கு ஆறு நனைஞ்சா வயித்துக்குப் போகுதுன்னு அர்த்தம். குறைஞ்சா என்கிட்ட சொல்லுங்க. நான் நாளைக்கு வந்து குழந்தையை எடை போடறேன்" என்றாள்.

ரைட்டக்கா பஸ்ஸிலிருந்து டிரிப் ஷீட்டை எடுத்து வந்தாள். புறப்பட்ட நேரம் எழுதுகிற கட்டத்தில் ஈரத் துணிகள் ஏறின. முதல் நாள் மூன்று.

இரண்டாம் நாள் காலையில் ஒரு லாரி வந்தது. கடைத்தெருவில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிற முதலாளி, கையோடு நாற்பது டின் பால்பவுடரும் ஒரு மூட்டை பால்புட்டியும் கொண்டு வந்திருந்தார். நல்ல மனுஷர். குழந்தைகள் பசியில் கிடக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, விடிவதற்கு முன்பே கிளம்பி வந்தவர். வாசலில் கூட்டம் முண்டியடித்ததால், பின்பக்கம் போய் ஜன்னல் வழியாகவே கொடுக்க ஆரம்பித்துவிட்டார். முதல் டின்னும் முதல் புட்டியும் மாமியார் கைக்குப் போயின.

ரைட்டக்கா சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, மாமியார் மைதானத்துக் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து வந்து, பவுடரைக் கொட்டி, அறை ஜன்னலோரம் நின்று புட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் வருகிற கிணறு மேட்டுக்குக் கீழே இருந்தது; அதில் முந்தின நாளே வெள்ளம் கலந்துவிட்டது.

"நிறுத்துங்க!"

மைதானத்துக் கடைசியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர், பழக்க தோஷத்தில் வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்தினார்.

மாமியார் திரும்பினார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா நிறுத்தறது? பச்சப்பிள்ள பட்டினி கிடக்குது. பெரிய மனுஷர் மனசு இரங்கிக் குடுக்கறாரு. உனக்கென்ன வந்துச்சு?"

ரைட்டக்கா பக்கத்தில் போனாள். வழக்கமான குரல் அவளிடம் இல்லை. "அம்மா, நானும் இதேதான் செஞ்சேன். என் பொண்ணுக்கு மூணு மாசம் ஆனப்போ டியூட்டிக்குத் திரும்பிட்டேன். பவுடர் வாங்கிப் புட்டியில கரைச்சு வச்சுட்டுப் போவேன். புட்டியைப் பளபளன்னுதான் கழுவினேன். ஆனா ஒரு வாரம் குழாயில கலங்கல் தண்ணி வந்துச்சு. எனக்குத் தெரியல. வயித்தால போக ஆரம்பிச்சு, ரெண்டே நாள்ல குழந்தை கண்ணு உள்ள போயிருச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தோம். அவ பொழச்சது டாக்டருங்க புண்ணியம். அப்ப நல்ல ரோடு இருந்துச்சு, வண்டி இருந்துச்சு. இன்னிக்கு இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா எதுல தூக்கிட்டுப் போவீங்க?"

சத்தம் கேட்டு ஜன்னலோரம் ஓடி வந்திருந்த டிரைவருக்கே, இருபத்திரண்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்தும், அது புதுச் செய்தி. மாமியார் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். பிறகு மூலையில் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தார். சட்டென்று புட்டியை ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தார். கீழே நின்றிருந்த ஜவுளிக்கடை முதலாளியின் வேட்டியெல்லாம் பாலாகிவிட்டது.

முதலாளி அதைத் துடைக்கக்கூட இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், முகம் வாடிப்போய், "நல்லது நினைச்சுத்தாங்க கொண்டாந்தேன். அப்ப நான் என்னதான் குடுக்கறது?" என்றார்.

"உங்க கடையில என்ன இருக்கு?"

"துணிதான்."

"அதைத்தானே தேடிக்கிட்டிருக்கேன்! மறைப்புக்குக் கனமான துணி, குழந்தைங்களுக்குப் பருத்தித் துணி, பொத்திக்கப் போர்வை. அப்படியே சோப்பும் மூடி போட்ட பாத்திரமும் சின்னச் சின்ன எவர்சில்வர் டம்ளரும் கிடைச்சா ரொம்ப நல்லது. டின்னுங்களை அப்படியே சிஸ்டர்கிட்ட ஒப்படைச்சிருங்க. யாருக்குத் தேவையோ அவங்களுக்கு மட்டும் அவங்க குடுப்பாங்க."

முதலாளி போன வேகத்தில் திரும்பி வந்தார். அன்று சாயங்காலம் ஒன்றாம் வகுப்பு அறை, ரோஜா நிறத் திரைச்சீலையும் மயில்நீல விரிப்புமாகக் கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. வீட்டில்கூட இப்படி ஓர் அறை கிடையாது என்று தாய்மார்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாமியாரோ ஜன்னல் வழியாகப் போன மற்ற நான்கு புட்டிகளையும் வீடு புகுந்த திருடனைப் பிடிக்கிற மாதிரி தேடிப் பிடித்து வந்து ஒப்படைத்தார்.

பவுடர் தேவைப்பட்ட குழந்தை ஒன்றே ஒன்றுதான். அது ஒரு லாரி மெக்கானிக்கின் மகள், ஐந்து மாதம். குழந்தையின் தாய் ஆற்றுக்கு அக்கரையில் தையல் ஆலையில் வேலைக்குப் போனவள். பாலம் மூழ்கியதால் அங்கேயே மாட்டிக்கொண்டாள். வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்தே தாய்ப்பால் நின்று குழந்தைக்கு டின் பால்தான். மெக்கானிக்கிடம் இருந்த டின் வெள்ளத்தோடு போய்விட்டது. முதல் நாள் வேறொரு தாய் கொஞ்சம் பால் கொடுத்துச் சமாளித்தாள்; அது போதவில்லை. பெண்கள் அறைக்குள் வரக் கூச்சப்பட்டுக்கொண்டு, வராந்தாவில் குழந்தையை வைத்துக்கொண்டு நடந்தபடியே இருந்தான்.

செவிலி அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். முதலில் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போக அதற்கே கால்மணி நேரம் பிடித்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, சூடு அடங்குவதற்குள் டின்னில் போட்டிருக்கிற அளவுப்படி பவுடரைக் கலக்க வேண்டும். டம்ளரைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்ற வேண்டும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகத்தான் கலக்க வேண்டும். மீந்ததைக் கொட்டிவிட வேண்டும்.

"டம்ளர்லயா? சிந்திருமே சிஸ்டர்!"

"நிமிர்த்தி மடியில வச்சுக்கங்க. வாயில ஊத்தாதீங்க. விளிம்பு கீழ் உதட்டுல பட்டா போதும், அவளே நக்கிக் குடிப்பா. டம்ளரைக் கழுவறது சுலபம். புட்டி மாதிரி சந்து பொந்து கிடையாது."

முதல் தடவை பாதி அவன் சட்டைக்குத்தான் போனது. "என்ஜினையே பிரிச்சு மாட்டிருவேன். இது அதைவிடக் கஷ்டமா இருக்கே!" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டான். இரண்டாம் வேளை, குழந்தை நாக்கை நீட்டி, பூனைக்குட்டி மாதிரி சளக் சளக் என்று குடிக்க ஆரம்பித்தது. குடித்து முடித்துத் தன் அப்பாவைப் பார்த்து ஓர் ஏப்பம் விட்டது. மெக்கானிக் செவிலியை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். அதற்கப்புறம் டம்ளரில் பால் கொடுப்பதைப் பற்றி யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவன் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவான்.

மூலையில் இருந்த இளம் தாயை ரைட்டக்கா அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. முதல் தட்டுச் சோறு அவளுக்குத்தான். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். வேடிக்கை பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அந்தப் பெண்ணின் முதுகை நீவிவிட்டபடி, பஸ்ஸில் நடக்கிற கூத்தையெல்லாம் சொல்லுவாள். தூங்கிப்போய் இறங்க மறந்தவர், சண்டை போட்டு இடம் பிடித்துவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரர் தோளிலேயே சாய்ந்து குறட்டை விட்டவர் என்று அவளிடம் கதைக்குப் பஞ்சமில்லை. அந்தப் பெண் ஒருநாள் குலுங்கிச் சிரிக்கும்போதே, "அக்கா, இறங்குது!" என்று கண் கலங்கினாள்.

டிரிப் ஷீட்டில் இரண்டாம் நாள் நான்கு என்று இருந்தது. மூன்றாம் நாள் ஐந்து. செவிலி தினமும் எடை போட்டுப் பார்த்து, "போகட்டும், இப்படியே போகட்டும்" என்று தலையாட்டினாள். நான்காம் நாள் மாலையில், மாமியார் ஒரு ஈரத் துணியைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓடி வந்தார். "ஏழு! என் பேரன் ஏழு துணி நனைச்சுட்டான்!"

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

ஆறாம் நாள் படகில் மெக்கானிக்கின் மனைவி வந்து சேர்ந்தாள். ஓடி வந்து குழந்தையை வாரி எடுத்தவளிடம், "மெதுவா, மெதுவா! கையைக் கழுவிட்டியா?" என்று மெக்கானிக் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான். குழந்தையை மறுபடியும் மார்பில் போட்டுப் பழக்கினால் பால் திரும்ப வர வாய்ப்பிருக்கிறது என்று செவிலி சொன்னாள். அவளும் வீடு திரும்பிய பிறகுகூட விடாமல் முயன்றாள். மூன்று வாரத்தில் பாதி வேளைக்கு வந்தது. மீதி வேளைக்கு அப்பாவின் டம்ளர்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் வடிந்தது. அதுவரைக்கும் அந்தப் பதினொன்றில் ஒரு குழந்தைக்குக்கூட வயிறு கெடவில்லை. வீட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தாயும் குழந்தையை ரைட்டக்கா கையில் ஒரு தடவை கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள். பதினோராவது குழந்தையும் போன பிறகு அவள் காலி அறையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் கடைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். புட்டி கவிழ்ந்த அன்றைக்கு முன்னால், மகள் விஷயத்தை அவளே இப்படி வாய்விட்டுச் சொல்லி அவர் கேட்டதில்லை. "பாஸ் மார்க் வாங்கிட்ட" என்றார். இந்த முறை அது நன்றாகவே கேட்டது.

அடுத்த மழைக்காலத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே செவிலியும் ரைட்டக்காவும் ஜவுளிக்கடை முதலாளியும் அந்தப் பள்ளிக்குப் போனார்கள். திரை, துணி, டம்ளர், அடுப்பு எல்லாம் ஒரு பெட்டியில் தயாராக இருந்தது. எந்த அறை என்று முடிவு செய்வதுதான் பாக்கி. ரைட்டக்கா பள்ளி முழுவதும் சுற்றிப் பார்த்தாள். தாழ்ப்பாள் போடுகிற கதவு, உள்ளேயே கழிப்பறை, நல்ல மின்விசிறி என எல்லாம் சேர்ந்து இருந்தது தலைமையாசிரியர் அறை ஒன்றில்தான்.

அவள் அங்கே உட்கார்ந்திருந்த தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, வராந்தாவில் எந்தப் பக்கம் சாரல் அடிக்காது என்று பார்க்கப் போனார்.