சுடாமல் போன விமானம்

வீடியோ கேம் என்றதும் எனக்கு நினைவு வருவது மச்சானின் வலது கை. சுடுவதற்கென்று பெட்டியில் இருந்த சிவப்புப் பொத்தானை அது தொடவே தொடாது. இடுப்பில் ஊன்றியபடி சும்மா இருக்கும். இடது கை மட்டும் கைப்பிடியைப் பிடித்திருக்கும். திரையில் காடும் ஆறும் மேலிருந்து கீழே ஓடிவர, அடியில் இருக்கும் குட்டி விமானம் எதிரி விமானங்களுக்கும் குண்டுகளுக்கும் நடுவே நழுவி நழுவிப் போகும்.

எண்பதுகளின் நடுவில், போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீடியோ கேம் கடையை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடித்து வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த காலம். மச்சான், என் அக்காவின் கணவர், ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் டிரைவர். அந்த வருஷ மழையில், மலை மேலிருக்கும் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது ஜீப் வழுக்கி, பின்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பின்னால் இருந்த தோட்டவேலைப் பெண்கள் ஏழு பேரும் இறங்கி முடியும்வரை, பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் மறுநாள் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. அதன் பிறகு வண்டியை எடுக்க முடியவில்லை. முதலாளி அவரைக் குடோனில் மூட்டை எடைபோட வைத்தார். மதியம் சாப்பாட்டுக்கு விட்டதும் மச்சான் நேரே கடைக்கு வந்துவிடுவார்.

விளையாட வரும் இளவட்டங்கள் சிரிப்பார்கள்.

"அண்ணே, சுடுங்கண்ணே. அப்பத்தான பாயிண்டு ஏறும்."

"எதுக்க வர்றவனையெல்லாம் சுட்டுட்டுத்தான் நாம மலையேறுறோமா? ஒதுங்கித்தானப்பா போகணும்" என்பார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். பாயிண்டு பூஜ்யத்திலேயே நிற்கும். விமானமோ, சிரித்தவர்களில் யாரும் பார்த்திராத தூரத்துக்குப் போயிருக்கும்.

ஒருநாள் அக்கா கோபமாகக் கடைக்குள் வந்தாள். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வாய் திறக்கப்போனவள் அவருக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னாள்: "தம்பி, கை நடுங்கலையே."

ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

விமானம் வெடித்த பிறகுதான் மச்சான் திரும்பினார். "ஞாயித்துக்கெழம மொதலாளிட்ட ஜீப்பக் கேளுங்க. மேல போயிட்டு வருவோம்" என்றாள் அக்கா.

"வேணாம்த்தா. ஒன்னைய வச்சுக்கிட்டு என்னால முடியாது."

"என்னைய வச்சுக்கிட்டுத்தான் முடியும். நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

மூவருமாகக் கிளம்பினோம். மலையடியில் இருக்கும் முந்தலைத் தாண்டி முதல் வளைவிலேயே அவர் கை நடுங்கியது. அக்கா அதைப் பார்க்கவில்லை; பார்க்காதது போல இருந்தாள் என்பதுதான் சரி. வீட்டுக்கு ஓடு மாற்றுவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். எதிரே மூணாறு பஸ் வந்தபோது மச்சான் ஓரங்கட்டி நிறுத்தி, அது போன பிறகு மறுபடி எடுத்தார். அங்கிருந்து அவர் தோள்கள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். போடிமெட்டில் டீ குடிக்கும்போது ஈரமான உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "மாப்ளே, ஒருத்தனையும் சுடாம வந்துட்டோம்ல" என்றார். வெகுநேரம் சிரித்தோம்.

அடுத்த வாரமே தோட்டத்துக்கு லோடு ஏற்றிப் போனார். அதற்குப் பின் இருபது வருஷத்துக்கு மேல் அந்த மலையில் ஓட்டினார். இருந்தாலும் அன்றைக்கு இறங்கிவந்ததுதான் எனக்குப் பிடித்த பயணம். பாதி மலை இறங்கியிருப்போம். அக்காவின் பேச்சு நின்றிருந்தது. என்ன என்று கேட்க நான் முன்னால் குனிந்தேன். மச்சான் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து உதட்டில் விரல் வைத்தார். அவர் தோளில் சாய்ந்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.