பொய்முடி நாடகம் வாசித்த பத்து நாள்

மருமகளுக்குப் பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது செங்கண்ணு வந்தது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, பத்து நாளைக்குப் புத்தகத்தையும் போனையும் தொடக்கூடாது என்றார். அவள் டாக்டர் முன்னாலேயே அழுதாள். அழுவதும் கண்ணுக்குக் கேடு என்று அவர் சொன்னார்.

அவள் தபால் வழியாக ஆங்கிலத்தில் எம்.ஏ. படிக்கிறாள். மற்றத் தாள்கள் எல்லாம் ஜெயித்தாகிவிட்டது. ஒரே ஒரு தாள் இரண்டு தடவை தோற்றுப்போனது. இங்கிலாந்தில் ஓடிப்போன ராஜகுடும்பம் திரும்பி வந்து பட்டம் ஏறிய காலத்தில் தொடங்கி, எதையும் புத்தியால் அளந்து பார்க்க வேண்டும் என்று அறிவாளிகள் எழுதிய காலம் வரைக்கும் உள்ள இலக்கியம் அது. இந்தத் தடவையும் போனால் படிப்பின் காலக்கெடு முடிந்துவிடும். முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். கையில் குழந்தை இருக்கிறது, என் மகன் வளைகுடாவில் இருக்கிறான். மறுபடி எழுத அவளால் ஆகாது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போது நல்ல மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் என் வேலை நின்றிருந்தது. நான் வீட்டில் சும்மா இருந்தேன்.

"மாமா, நீங்க வாசிச்சுத் தருவியளா?" என்று கேட்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் எங்க மக்கா தெரியும்? நான் பத்தாம் கிளாஸாக்கும்."

"கிறிஸ்மஸுக்கு சர்ச்சில வாசிக்கியளே?"

அது உண்மைதான். எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு வேதபாடத்தை மட்டும் இங்கிலீஷில், பழைய மொழிபெயர்ப்பில் வாசிப்பது மிஷன் காலத்து வழக்கம். பல வருஷமாக நான்தான் வாசிக்கிறேன். அர்த்தம் பாதி தெரியாது. ஆனால் 'தௌ', 'ஹாத்' போன்ற பழைய சொல் எல்லாம் எனக்குப் பழக்கம். அவளுடைய புத்தகத்திலும் அதுவே கிடந்தது. பத்திரிகை இங்கிலீஷ் என்றால் நான் திணறியிருப்பேன். இது என் நாக்குக்குப் படிந்தது.

எனக்கு இங்கிலீஷ் வாசிக்க ஒரே ஒரு விதம்தான் தெரியும். எழுந்து நின்று, புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக வாசித்து, வாக்கியம் முடியும் இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும். முன்னறையில் நின்று அப்படியே வாசித்தேன். அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அர்த்தம் சொல்லுவாள்.

முதலில் வந்தது ஒரு நாடகம். ஒரு கனவான் பொய்முடி சீவுகிறவனாக வேஷம் போட்டு, கல்யாணமான ஒரு பெண்ணின் வீட்டுக்குத் தினமும் வருகிறான். அவளுடைய கணவன் தன் பொய்முடியையும் அவனிடமே சீவக் கொடுக்கிறான். கணவன் நல்ல மனிதன். எனக்கு அவனை நினைத்து வருத்தமாக இருந்தது.

"இதை எதுக்கு மக்கா எழுதினாவ?"

"அதுக்கு முன்ன நாட்டை ஆண்டவிய ஜெபக்காரங்க, மாமா. நாடகக் கொட்டகை எல்லாம் பூட்டிப் போட்டாவ. ராஜா வந்து தொறந்தாரு. பூட்டினதுக்கு எல்லாஞ் சேத்து வச்சுச் சிரிச்சாவ."

"பூட்டினவிய நம்ம ஆளுகளாக்கும்."

"பரீட்சையில அப்பிடி எழுத ஒக்காது, மாமா."

மறுநாளிலிருந்து, வாயினால் செய்யும் பாவம் எங்கள் வீட்டைப் பிடிக்கக்கூடாது என்று சிறு ஜெபம் பண்ணிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தேன்.

மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்கா மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தார்கள். நான் வாசிப்பதைப் பார்த்ததும் கிழங்கை ஓரமாக வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார்கள். நாடகத்தில் அந்தக் கனவான் கட்டிலுக்கு அடியில் கிடந்தான். கணவன் கட்டில்மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். நான் குரலைத் தாழ்த்தி முடித்தேன்.

"ஆமென்," என்றார்கள் அக்கா.

என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். மருமகள் கண்ணாடியைச் சரிசெய்தாள்.

"தம்பி, நாளைக்கு எனக்க முட்டுவேதனையும் சொல்லி ஜெபிக்கணும் கேட்டியா," என்றார்கள் அக்கா.

ஜெபத்தின் பேரால் பொய் சொல்ல என்னால் முடியாது. "அக்கா, முட்டுக்கு வேற ஜெபிக்கலாம். இது ஜெபம் இல்ல. நாடகம்."

"என்ன நாடகம்? தானியேல் தீர்க்கதரிசி கதையா?"

"இல்ல. ஒருத்தனுக்க பொண்டாட்டிய பாக்க வேற ஒருத்தன் வாறது."

அக்கா என்னையும் என் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார்கள். முந்தானையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை.

"அவனப் பிடிச்சாவளா?" என்று கேட்டார்கள்.

"இன்னும் இல்ல."

"நாளைக்கு எத்தன மணிக்கு வாசிப்ப?"

அன்றிலிருந்து பத்து மணிக்கு அக்கா வந்துவிடுவார்கள். நான் ஒரு பக்கம் வாசிப்பேன். மருமகள் அதை அக்காவுக்குக் கதையாகச் சொல்லுவாள். அக்கா சும்மா கேட்கிறவர்கள் இல்லை. அந்தக் கனவானுக்கு வேலை வெட்டி உண்டா என்றார்கள். பொய்முடியில் பேன் வராதா என்றார்கள். கணவனை "எலே பொட்டா, கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாருலே" என்று இங்கிருந்தே ஏசினார்கள். மருமகள் ஒவ்வொன்றுக்கும் பதில் தேடிச் சொன்னாள். முன்பு இரண்டு தடவையும் கைடு புத்தகத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனவள் அவள்.

ஏழாம் நாள் அக்கா ஒன்று கேட்டார்கள். "எல்லாருஞ் சிரிக்கியளே, அந்தப் பெண்ண கெட்டிக் குடுக்கும்ப அவகிட்ட யாராவது சம்மதம் கேட்டாவளா?"

மருமகள் அக்காவை அம்மச்சி என்றுதான் கூப்பிடுவாள். "இல்ல அம்மச்சி. அவளுக்க நிலத்துக்கு வேண்டித்தான் கெட்டினாவ."

"பின்ன அதச் சொல்லு முதல்ல. நான் அவளை வெறுதே ஏசிப்போட்டேன்."

பத்தாம் நாள் கண் தெளிந்தது. இரண்டு நாள் கழித்து நெய்யாற்றின்கரையில் பரீட்சை. நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மூன்று மணி நேரம் வெளியே மழையில் கடையோரம் நின்றேன். வெளியே வந்தவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "அந்த நாடகம் வந்துது, மாமா. கைடில உள்ளதை நான் எழுதல்ல. அம்மச்சி கேட்டதை எழுதிப்போட்டேன்."

அக்கா படித்தது மூன்றாம் கிளாஸ்.

முடிவு வர இரண்டு மாதம் ஆனது. அதற்குள் மழை நின்று வெட்டுத் தொடங்கியிருந்தது. நான் தோட்டத்தில் பாலெடுத்துக்கொண்டிருந்தபோது மருமகள் குடைகூட இல்லாமல் வெயிலில் ஓடி வந்தாள். ஜெயித்திருந்தாள். எல்லாத் தாளையும்விட அதில்தான் கூடுதல் மார்க். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே இரண்டுபேரும் கண்ணை மூடி நின்றோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, எங்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். போதகர் வந்திருந்தார். எல்லாரும் ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். அக்காவின் முறை வந்தது. மருமகளின் கண்ணுக்கு நன்றி சொன்னார்கள், பரீட்சைக்கு நன்றி சொன்னார்கள், முட்டுவேதனையையும் சொன்னார்கள். பிறகு, "ஆண்டவரே, கேக்காம கெட்டிக் குடுத்த அந்த இங்கிலாந்துப் பெண்ணையும் கண்ணோக்கும்," என்றார்கள்.

போதகர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இல்லாத ஒருத்திக்காக ஜெபிக்கலாம் என்று வேதத்தில் எங்கும் நான் பார்த்ததில்லை. கூடாது என்றும் பார்த்ததில்லை.

"ஆமென்," என்றேன்.